ப்ரெகே டைப் எக்ஸ்எக்ஸ்: தேதி ஜன்னல் சண்டையும் கீழ்ப் பட்டனும்

நீங்கள் கேட்டது இது: 2023ல் ப்ரெகே கடிகார நிறுவனம் விமானிகளுக்காக முன்பு செய்த டைப் எக்ஸ்எக்ஸ் குரோனோகிராஃபை (நேரத்தை ஓட்டி நிறுத்தி எண்ணும் வசதியுள்ள கைக்கடிகாரம்) புதிதாக வெளியிட்டபோது வாட்ச் சேகரிப்பவர்களில் ஒரு பாதி கொண்டாடியது, மறுபாதி திட்டியது. 2025ல் அதே வரிசையில் தங்கக் கூட்டில் சின்னதாக ஒன்று வந்தபோதும் அதே கதை. இவர்களுக்கு என்னதான் வேண்டும்? பெங்களூரில் இருந்துகொண்டு இதை வாங்கலாமா என்று யோசிக்கிற ஒருவர், இந்தப் பேச்சில் எதைக் காதில் வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தேதி பற்றிய புகார் முழுக்க நியாயம். அளவு பற்றியது பாதி நியாயம். விலை பற்றியது பெரும்பாலும் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னது, கையில் கட்டி பட்டனை அழுத்திப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். ஏன் என்று புரிய இந்த வாட்ச் எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ராணுவம் தன் விமானிகளுக்கு எப்படிப்பட்ட கைக்கடிகாரம் வேண்டும் என்று ஒரு வரையறை எழுதியது. அதன் பெயர்தான் டைப் 20. எந்தக் கம்பெனியின் மாடல் பெயரும் இல்லை அது. அந்த வரையறைக்குள் பொருந்துகிற வாட்சை யாரும் செய்து கொடுக்கலாம். ஓரிகோஸ்ட், டோடான், விக்ஸா, ஐரைன் என்று பலர் செய்தார்கள், ப்ரெகேவும் செய்தது. கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் எண்கள், சுழலும் வளையம், ஒரு நாளைக்கு 8 விநாடிக்கு மேல் பிசகாத ஓட்டம், ஒரு முறை சாவி கொடுத்தால் 35 மணி நேரமாவது ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஃப்ளைபேக் இருக்க வேண்டும். ப்ரெகே 1950களில் விமானப்படைக்கு 1,100 வாட்சுகள் கொடுத்தது, பிறகு கடற்படையின் விமானப் பிரிவுக்கு 500.

ஃப்ளைபேக் என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சண்டையே அதைச் சுற்றித்தான். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் விமானி கணக்குப் போட்டுப் பறந்தார்: இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிடம் போனால் அந்த ஆற்று வளைவு வரும், அங்கே திரும்பி இன்னொரு திசையில் இத்தனை நிமிடம். ஒவ்வொரு திருப்பத்திலும் நேரத்தைச் சுழியத்திலிருந்து மறுபடி எண்ண வேண்டும். சாதாரண குரோனோகிராஃபில் அதற்கு மூன்று அழுத்தம்: நிறுத்து, சுழியத்துக்குக் கொண்டுவா, ஓட்டு. மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி போனால் 330 மீட்டருக்கு மேல் போய்விடும். கையில் தடித்த கையுறை வேறு. வாட்ச் இடது கையில் இருந்தால், அதை அழுத்த வலது கை கட்டுப்பாட்டுத் தண்டை விட்டு வர வேண்டும். ஃப்ளைபேக்கில் ஒரே அழுத்தம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப் பட்டனை அழுத்தினால் முள் சுழியத்துக்குத் தாவும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை அங்கேயே நிற்கும். விரலை எடுத்த கணத்தில் ஓடத் தொடங்கும். ஆற்று வளைவு நேர் கீழே வரும்போது விரலை எடுத்தால் போதும்.

இப்போது தேதிக்கு வருவோம். 2023ல் இரண்டு வாட்சுகள் வந்தன. ராணுவ வடிவம் டைப் 20, அதன் எண் 2057. அதில் இரண்டு சின்ன டயல்கள். பொதுமக்களுக்கு விற்ற பழைய மாடலின் வழியில் வந்தது டைப் எக்ஸ்எக்ஸ், எண் 2067. அதில் மூன்று சின்ன டயல்கள், வளையத்தில் எண்கள். இரண்டிலுமே நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே சாய்வாக ஒரு தேதி ஜன்னல். வெளியான அன்றே சேகரிப்பவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ‘இவ்வளவு அழகான டயலில் ஏன் ஓட்டை போட்டார்கள்’ என்ற புலம்பலைக் கேட்காத நாள் இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சில்லறைப் புகாராகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதல் காரணம், டைப் 20 வரையறையில் தேதிக்கு இடமே கிடையாது. நிமிடங்களை எண்ணுவதற்கென்று பிறந்த டயலில், கண் ஓடும் பாதையில் ஒரு தடை வைத்தது போலாகிவிட்டது. இரண்டாவது காரணத்தைச் சேகரிப்பவர்கள்தான் உணர்வார்கள். பெட்டியில் பல வாட்ச் வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் எப்போதாவது ஒரு நாள்தான் கட்டுவார். தேதி இல்லாத வாட்சை எடுத்தால் மணியைச் சரிசெய்து கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். தேதி இருந்தால் ஒவ்வொரு முறையும் நின்று அதையும் திருத்த வேண்டும், அல்லது தப்பான தேதியோடு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும்.

‘ஒரே ஒரு நல்ல வாட்ச் வாங்கி அதையே தினமும் கட்டுகிறவனுக்குத் தேதி வேண்டாமா’ என்று கேட்டால், வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வைக்கிற இடம் இருக்கிறதே! ப்ரைட்லிங் கம்பெனி 2022ல் தன் விமானி வாட்ச் நாவிடைமரின் எழுபதாம் ஆண்டுக்கு டயலைப் புதுப்பித்தபோது தேதியை ஆறு மணிப் பக்கத்துச் சின்ன டயலுக்குள் அடக்கமாக வைத்தார்கள். சரிபாதியாகப் பிரியும் டயல் கெடவில்லை. பழைய இறக்கைச் சின்னத்தையும் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதற்குச் சேகரிப்பவர்கள் மனதாரக் கைதட்டினார்கள். ஸெனித் 2023ல் கொண்டுவந்த பைலட் ஃப்ளைபேக்கில் தேதி ஆறு மணி இடத்தில் பெரிய இரட்டை இலக்கமாக இருக்கிறது. பிடிக்கிறதோ இல்லையோ, அது வடிவமைப்பில் யோசித்து வைத்த ஒன்று என்று தெரிகிறது. ப்ரெகேயில் கடைசியில் யாரோ சொல்லிச் செருகியது போல இருப்பதுதான் வருத்தம்.

அளவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய டைப் 20 சுமார் 38 மில்லிமீட்டர். 1995ல் ப்ரெகே இதை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வந்த 3800 என்ற மாடல் 39 மில்லிமீட்டரை ஒட்டியது. புதியது 42. நம் ஊர் மணிக்கட்டுக்கு 42 பெரிது என்று பலர் சொல்கிறார்கள், கட்டிப் பார்த்தால் அகலம் உறுத்தவில்லை. உறுத்துவது 14.1 மில்லிமீட்டர் உயரம். முழுக்கைச் சட்டையின் கஃப் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தானாகச் சாவி ஏறுகிற இயந்திரம், அதன் மேல் சுழலும் எடை எல்லாம் சேர்ந்தால் உயரம் கூடத்தான் செய்யும்.

2025 ப்ரெகே தொடங்கி 250ஆம் ஆண்டு. அந்த ஆண்டு வந்த 2075 என்ற மாடலில் சேகரிப்பவர்கள் கேட்டதெல்லாம் இருந்தது. 38.3 மில்லிமீட்டர். தேதி கிடையாது. கையால் சாவி கொடுக்கிற இயந்திரம். பின்பக்கம் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ப்ரெகே 19 விமானம் செதுக்கியிருக்கிறது. 1930 செப்டம்பரில் காஸ்தும் பெலோந்தும் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு நடுவில் எங்கும் இறங்காமல் 37 மணி நேரம் பறந்து போன விமானம் அது. ஆனால் கூடு தங்கம்! கேட்டதைக் கொடுத்துவிட்டு, வாங்க முடியாத இடத்தில் வைத்துவிட்டார்கள் என்று ஒரே குரல். 1950களிலேயே தங்கக் கூட்டில் வெகு சில டைப் எக்ஸ்எக்ஸ் செய்யப்பட்டன, அதனால் இது வரலாற்றுக்குப் புறம்பானது இல்லை. இருந்தாலும் விமானியின் கருவி என்று மனதில் பதிந்துபோன ஒன்றைத் தங்கத்தில் பார்க்கும்போது வருகிற நெருடல் எனக்கும் உண்டு. இதையே ஸ்டீலில் கொடுங்கள் என்ற கோரிக்கையில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அடுத்தது இயந்திரம். போதுமான அளவு பேசப்படாத விஷயம் இது என்பது என் ஆதங்கம். 1950களின் டைப் 20ஐ ப்ரெகே தன் பட்டறையில் முழுக்கச் செய்யவில்லை. மாத்தே டிஸோ என்ற சுவிஸ் நிறுவனம் செய்து கொடுத்தது, உள்ளே வால்ஷூ 222 என்ற இயந்திரம். 1995ல் வந்த 3800க்குள் இருந்தது லெமானியா என்ற இயந்திரக் கம்பெனியின் வழி வந்தது. 2023ல்தான் இதற்கென்றே புதிதாக ஒரு இயந்திரம் வந்தது: ராணுவ வடிவத்துக்கு 7281, மற்றதற்கு 728. மணிக்கு 36,000 அசைவு, அதாவது விநாடியின் பத்தில் ஒரு பங்கை அளக்கலாம். 60 மணி நேரம் ஓடும். ஓட்டுவதையும் நிறுத்துவதையும் ஒரு தூண் சக்கரம் ஆள்கிறது, நொடி முள்ளை ஓடுகிற இயந்திரத்தோடு இணைக்கிற கிளட்ச் மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற வகை.

கிளட்ச் எந்த வகையாக இருந்தால் நமக்கென்ன என்று தோன்றும். கடையில் ஒரு பழைய வகை குரோனோகிராஃபையும் இதையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பழையதில் பல்லும் பல்லும் பக்கவாட்டில் கோத்துக்கொள்ள வேண்டும். பல் சரியாகச் சந்திக்காவிட்டால், பட்டனை அழுத்தியதும் நொடி முள் ஒரு சின்ன உதறல் உதறிவிட்டுத்தான் கிளம்பும். புதியதில் உதறலே இல்லை, தண்ணீரில் படகை அவிழ்த்துவிட்ட மாதிரி நழுவிப் போகிறது. ஓடவிட்டுக் கீழ்ப் பட்டனை அழுத்துங்கள். முள் திரும்பி வருவதைக் கண் பார்ப்பதற்குள் அது மேலே நின்றுவிடும். விரலைத் தூக்குங்கள், அதே வழுக்கலோடு கிளம்பும். இதைச் செய்து பார்த்துவிட்டு வெளியே வந்தவர் எவரும் முதல் வார்த்தையாகத் தேதி ஜன்னலைப் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று, வாட்ச் ஓடும் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிற சமநிலைச் சுருள்கம்பி சிலிக்கானால் ஆனது, காந்தம் அதை ஒன்றும் செய்யாது. பெங்களூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். லேப்டாப் மூடி, போன் உறை, ஹெட்போன், டேப்லட் என்று நாள் முழுக்கக் காந்தத்துக்கு நடுவில்தான் கை இருக்கிறது. நல்ல மெக்கானிக்கல் வாட்ச் திடீரென்று நாளுக்கு நிமிடக் கணக்கில் முந்தி ஓடத் தொடங்கினால், பெரும்பாலும் உலோகச் சுருளில் காந்தம் ஏறியிருக்கும்.

ஸெனித்தும் மணிக்கு 36,000 அசைவு, அதுவும் ஃப்ளைபேக், விலை கணிசமாகக் குறைவு. 1969லிருந்து எல் ப்ரிமேரோ என்ற இயந்திரத்தை அந்த வேகத்தில் செய்து வருகிறவர்கள் அவர்கள். ஃப்ளைபேக் ஒன்றே போதும் என்றால் அங்கே போவதில் தவறே இல்லை. ப்ரெகேவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும்.

அந்தப் பெயரைப் பற்றியும் ஒரு தகராறு உண்டு. ஆப்ரஹாம் லூயி ப்ரெகே 1775ல் பாரிஸில் தொடங்கியது கடிகாரக் கம்பெனி. அவருடைய வம்சத்தில் வந்த லூயி ஷார்ல் ப்ரெகே 1911ல் தொடங்கியது விமானக் கம்பெனி. விளம்பரங்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டில் நடந்தது போல இருக்கும். உண்மையில் ப்ரெகே குடும்பம் 1870லேயே கடிகாரத் தொழிலை பிரவுன் குடும்பத்திடம் கொடுத்துவிட்டது. டைப் 20 வந்த காலத்தில் கடிகாரம் செய்தவர்கள் வேறு, விமானம் செய்தவர்கள் வேறு. ரத்த உறவு உண்மை, தொழில் உறவு பெரிதாகக் காட்டப்படுகிறது. கறாரான சேகரிப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது நான் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் நம் ஊரில் இந்தப் பெயருக்கு வேறொரு கனம் இருக்கிறது. விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்த அலிஸே விமானம் ப்ரெகே செய்தது. 1971 போரில் நம் கடற்படை அதைப் பயன்படுத்தியது. இன்னும் நெருக்கமானது ஜாகுவார். ப்ரெகே 121 என்ற வடிவத்திலிருந்து வளர்ந்து, பிரிட்டிஷ் விமானக் கம்பெனியோடு சேர்ந்து செய்யப்பட்ட விமானம். 1979ல் நம் விமானப்படையில் சேர்ந்தது, ஷம்ஷேர் என்று பெயர் வைத்தார்கள். பிறகு உரிமம் வாங்கி ஹெச்ஏஎல் இங்கேயே, பெங்களூரிலேயே, கட்டியது. விமானபுராவிலும் முருகேஷ்பாளையாவிலும் அல்சூரிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ வீட்டு அப்பாக்களும் தாத்தாக்களும் அந்த ஹேங்கர்களில் வேலை பார்த்தவர்கள்.

எங்கள் வாட்ச் வட்டத்தில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். ஜாகுவார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் மாமா. 2057ஐக் கையில் கொடுத்தபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் பட்டனின் தலையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். “கையுறை போட்டா இது வழுக்குமா வழுக்காதா, அதைப் பாருங்கப்பா முதல்ல” என்றார். பிறகு தேதியைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு? விமானத்துக்குள்ள உட்கார்ந்தவன் இன்னைக்கு என்ன தேதின்னா கேட்பான்?” என்றார். பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் விலையைச் சொன்னார். மாமா விலையைக் கண்டுகொள்ளவே இல்லை, கீழ்ப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

இங்கே இன்னொரு வகை எதிர்வினையும் உண்டு, அது ஹெச்எம்டி வழி வந்தது. 1961ல் ஜப்பானின் சிட்டிஸனோடு கைகோத்து ஜாலஹள்ளியில் தொடங்கிய தொழிற்சாலை, 2016ல் வாட்ச் பிரிவே மூடப்பட்டது. கறுப்பு டயலோடு, 17 கல்லோடு, கையால் சாவி கொடுக்கிற ஹெச்எம்டி பைலட்டை அப்பா கையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 2075 மேல்தான் கண். தினமும் காலையில் சாவி கொடுப்பது அவர்களுக்கு வாட்ச் கட்டுவதில் ஒரு பகுதி. தங்கம் வேண்டாம், சாவி வேண்டும் என்கிறார்கள். ‘நம்ம ஊர் பெங்களூர் வாட்ச் கம்பெனியே மிக்-21ஐ வைத்து மாக் 1 செய்கிறதே, அது போதாதா’ என்று கேட்பவர்களும் உண்டு. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கேள்வி இன்னும் உருக்கமாக வருகிறது. நல்ல வாட்ச்தான், ஆனால் குரோனோகிராஃப் கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது இரண்டுக்குமே நியாயம் இல்லை.

இனி பணம். 2023ல் ஸ்டீல் மாடலின் விலை சுமார் 18,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய். சுவிஸ் வாட்சுகளுக்கு இங்கே இறக்குமதி வரி உண்டு. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1ல் நடைமுறைக்கு வந்தபின் அது படிப்படியாகக் குறைய வழி பிறந்திருக்கிறது. அதனால் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அன்றைய விலையைக் கேளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து கடைக்காரர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கிற வருமான வரி) பிடிப்பார். அது கூடுதல் செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பான் கார்டு கையில் இருக்கட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? தினமும் கட்ட ஒரே வாட்ச் என்றால் 2067. மூன்றாவது சின்ன டயல் மணியையும் எண்ணும், தேதியும் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். ஏற்கெனவே நாலைந்து வாட்ச் இருந்து, டைப் 20யின் உயிர்தான் வேண்டும் என்றால், புதியதை விட்டுவிட்டு பழைய 3800ஐத் தேடுங்கள். 39 மில்லிமீட்டர், தேதி இல்லை, ஃப்ளைபேக் உண்டு. சேகரிப்பவர்கள் 2023ல் கேட்ட வாட்ச் ஏறக்குறைய அதுதான், கையில் இருந்தபோது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தேடும்போது தேதி உள்ள 3820ஐ அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1950களின் அசல் ராணுவ டைப் 20 யாராவது கொண்டுவந்து காட்டினால் ஆசைப்படுங்கள், அவசரப்படாதீர்கள். அந்த எண்களில் பூசியது நிஜ ரேடியம், கதிரியக்கம் உள்ளது, சாதாரண பழுதுக் கடையில் கூட்டைத் திறக்க விடக்கூடாது. டயலையும் முட்களையும் மாற்றி, புதுப் பூச்சு பூசி, பின்மூடி எழுத்தை மறுபடி வெட்டி விற்பதும் நடக்கிறது. ராணுவப் பின்மூடியில் பழுது பார்த்த தேதிகள் செதுக்கியிருக்கும். எழுத்து எல்லாம் ஒரே கூர்மையில் புத்தம் புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

3800 எதை வாங்கினாலும் முன்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்: முழுக்கச் சாவி கொடுத்து, குரோனோகிராஃபை ஓடவிட்டு, கீழ்ப் பட்டனைப் பல முறை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முள் சரியாக அறுபதின் மேல் வந்து நிற்க வேண்டும். கோட்டுக்கு அரை மயிரிழை இப்படி அப்படி நின்றால் முள் தளர்ந்திருக்கலாம், அல்லது அதைச் சுழியத்துக்குத் தள்ளுகிற சுத்தியல் தேய்ந்திருக்கலாம். கடைசியாக எப்போது, எங்கே சர்வீஸ் ஆனது என்ற ரசீதைக் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு முழு சர்வீஸ் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.